சத்தியம் வாங்காதே, மருமகளே

அன்பு மருமகளே,

உன் கடிதம் கிடைத்தது. முக்கால்வாசி உன் அண்ணனைப் பற்றிய புகார். கேள்வி கடைசிப் பக்கத்தில்தான் வருகிறது. சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான், முதலில் வழக்கு, பிறகுதான் விஷயம்.

"டாக்டர் கேட்டா ‘ஒண்ணும் இல்ல சார், நல்லா இருக்கேன்’னு சொல்றான். வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடியில நின்னு தனியாப் பேசுறான். இவன் வாய்ச்சொல்ல வச்சு எப்படி மாமா வைத்தியம் பாக்க முடியும்? மனச்சிதைவு உள்ளவங்க தன் நோயைப் பத்திச் சொல்றத நம்பலாமா, கூடாதா?"

இந்தக் கேள்வி உன் வீட்டில் மட்டும் இல்லை. அழகர்கோவிலிலிருந்து மேலூர் வரைக்கும் எத்தனையோ வீடுகளில் இதே கேள்வியை வாய்க்குள் வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். அதனால்தான் உன் பேரையும் அவன் பேரையும் விட்டுவிட்டுப் பொதுவில் பதில் எழுதுகிறேன். திட்டுவதும் பொதுவில்தான் வரும், கோபித்துக்கொள்ளாதே.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். சர்க்கரை நோய்க்கு ரத்தம் எடுக்கலாம், எலும்பு முறிந்தால் படம் எடுக்கலாம். மனச்சிதைவு நோயை உறுதி செய்ய ரத்தப் பரிசோதனையும் கிடையாது, ஸ்கேனும் கிடையாது. ஸ்கேன் எடுக்கச் சொன்னால் மூளையில் கட்டியோ வேறு நோயோ இல்லை என்று பார்த்துக்கொள்ளத்தான். உலகம் முழுக்க டாக்டர்கள் இந்த நோயின் அளவைக் கணக்கிட வைத்திருக்கும் கருவிகளில் முக்கியமானது 1987ல் வெளிவந்த ‘பான்ஸ்’ என்ற அளவுகோல். அதில் 30 அம்சங்கள். யாரோ பேசுவதுபோல் கேட்கிறதா, யாராவது பின்தொடர்வதாகத் தோன்றுகிறதா, மனசு சோர்ந்திருக்கிறதா, இப்படிப் போகும். நோயாளியோடு உட்கார்ந்து பேசித்தான் அதை நிரப்ப வேண்டும். சில அம்சங்களுக்கு மட்டும் வீட்டாரையும் கேட்பார்கள்.

ஆகவே, அவன் வாய்ச்சொல்லை வைத்து வைத்தியம் பார்க்க முடியுமா என்று கேட்கிறாயே, அதை விட்டால் வேறு வழி இல்லை. வயிற்றுவலி என்று ஒருவன் சொன்னால் அந்த வலியை நீ பார்த்தாயா? சொன்னவன் வாய்தான் சாட்சி. காதில் கேட்கும் குரலும் அப்படித்தான். அந்த வாயை அவன் திறக்கவில்லை என்றால் அவனை நம்பலாமா என்று கேட்பதில் பயன் இல்லை. எது அந்த வாயை அடைக்கிறது என்று பார்.

அடைப்பதில் உனக்கும் பங்கு இருக்கிறது. உன் கடிதத்திலேயே இருக்கிறது சாட்சி. டாக்டர் அவனைப் பார்த்து "தூக்கம் எப்படி?" என்று கேட்டால், "எங்க சார் தூங்குறான், ராத்திரி பூரா நடக்குறான்" என்று பதில் நீ சொல்லியிருக்கிறாய். "சத்தம் ஏதாவது கேக்குதா?" என்றால், "கேக்குது சார், மறைக்கிறான்" என்பதும் நீதான். ஓபியில் வரிசை நீளம், டாக்டருக்குக் கிடைக்கும் நேரமோ சில நிமிஷம். அந்தச் சில நிமிஷத்தையும் நீ பேசித் தீர்த்துவிட்டால் அவன் எப்போது பேசுவான்? தன்னைப் பற்றித் தன் முன்னாலேயே அடுத்தவர் சாட்சி சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவன், கடைசியில் தன்னிடம் கேள்வி வரும்போது "ஒண்ணும் இல்ல" என்றுதான் முடிப்பான்.

"அவன் பேசமாட்டேங்குறானே, அதான் நான் பேசுறேன்" என்பாய். தெரியும். உன் அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பேசாதவனுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே கொஞ்ச நேரம் மௌனம் இருந்தால் உனக்குப் பொறுக்காது. இந்த நோயில் பதில் மெதுவாகத்தான் வரும். சிந்தனை கோர்வைப்படாமல் இருக்கும், சொல் அகப்படாது, பேசும் விருப்பமே வற்றிப்போயிருக்கும். அதுவும் நோயின் அறிகுறிதான், திமிர் இல்லை. நீ சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடு. இல்லாவிட்டால் அவன் பேசி முடித்த பிறகு, அவனுக்குத் தெரியவே, தனியாக நேரம் கேட்டுப் பேசு. அவன் முறை அவனுக்கு இருக்கட்டும்.

இனி, அவன் ஏன் மறைக்கிறான் என்று பார்ப்போம். மறைக்கிறான் என்ற சொல்லே பாதி இடங்களில் பொருந்தாது.

சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்கு அனுபவம் இருக்கிறது. குரல் கேட்கிறது என்று ஒருமுறை சொன்னான். மாத்திரை கூடியது, உடம்பு கனத்தது, நாள் முழுக்கத் தூக்கம். இன்னொரு முறை அம்மாவிடம் சொன்னான். அம்மா அழுதாள், அத்தைக்குப் போன் போட்டாள், சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. பேசி வைத்திருந்த வேலை போனது. உன் கல்யாணப் பேச்சு நடக்கும்போது அவனைப் பின்கட்டில் உட்கார வைத்தீர்கள், இல்லையா? உண்மை சொன்னதற்கு இத்தனை விலை கொடுத்தவன் அடுத்த முறை வாயை மூடிக்கொள்வதில் பைத்தியக்காரத்தனம் எதுவும் இல்லை. அறிவுள்ள எவனும் அப்படித்தான் செய்வான்.

அடுத்தது, அவனுக்கு அது நோயாகவே தெரியவில்லை. இதுதான் உனக்குப் புரியாமல் கிடக்கிறது. குரல் கேட்கும் நேரத்தில், உண்மையான ஒலியைக் கேட்கும்போது இயங்குகிற மூளைப் பகுதிகளே இயங்குவதை ஸ்கேன் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். என் குரல் உனக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படி அவனுக்கு அது கேட்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் தன்னைப் பற்றிப் பேசுவதாக அவன் சொன்னால் அது அவனுக்குச் செய்தி, அறிகுறி இல்லை. "உங்களுக்கு என்ன தொந்தரவு?" என்று டாக்டர் கேட்டால், "பக்கத்து வீட்டுக்காரன்தான் தொந்தரவு, எனக்கு ஒண்ணும் இல்ல" என்பது அவன் பக்கத்தில் நேர்மையான பதில்.

இங்கேதான் நீ செய்யவிருக்கும் பெரிய தப்புக்கு வருகிறேன். "பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால கொண்டுபோய் நிறுத்தி, சத்தம் கேக்குதா இல்லையான்னு சத்தியம் வாங்கிரலாம்னு அப்பா சொல்றாரு" என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம் மருமகளே. கையெடுத்துக் கேட்கிறேன், வேண்டாம்.

அழகர்கோவிலில் கருப்பு குடிகொண்ட அந்தச் சந்தனம் சாத்திய கதவுக்கு முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய நம் பக்கத்தில் எவனுக்கும் துணிச்சல் வராது. களவு, கடன், நிலத் தகராறு என்று எத்தனையோ வழக்குகள் அங்கே ஒரு சத்தியத்தில் தீர்ந்திருக்கின்றன. நம்மவர்களுக்கு அது கோர்ட்டுக்கு மேலான கோர்ட்டு. ஆனால் சத்தியம் என்பது, உண்மை தெரிந்தும் பொய் சொல்பவனிடம் வாங்குவது. உன் அண்ணன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறான், அல்லது பயந்து சொல்லாமல் இருக்கிறான். ஏற்கெனவே யாரோ தன்னைக் கண்காணிப்பதாக நினைத்து நடுங்குபவனை அரிவாளும் கதவும் உள்ள சன்னதியில் நிறுத்தி விசாரித்தால் அன்றைக்கு ராத்திரி அவன் காதில் கருப்பே பேச ஆரம்பிக்கலாம். அப்புறம் அந்தக் குரல் சொல்வதை மீற அவனுக்குத் தைரியம் வருமா? யோசித்துப் பார்.

"அப்ப கோயிலுக்கே போகக் கூடாதா?" என்று உடனே சண்டைக்கு வருவாய். போ. தாராளமாகக் கூட்டிக்கொண்டு போ. ராக்காயி அம்மன் தீர்த்தத்தில் குளிக்கட்டும், அழகரைக் கும்பிடட்டும், தோசைப் பிரசாதம் சாப்பிடட்டும். மனசுக்கு நல்லது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரின் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய மனநோயாளிகள் 31 பேரைப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராமும் கூட்டாளிகளும் கவனித்து 2002ல் எழுதினார்கள். சங்கிலி இல்லாமல், அடி இல்லாமல், கூட ஒரு உறவினரோடு சில வாரம் அங்கே தங்கியதிலேயே நோயின் கடுமை ஏறக்குறைய 20% குறைந்திருந்தது. ஏர்வாடி தர்காவில் 2013 முதல் அரசே மருந்தையும் பிரார்த்தனையையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறது. ஆக, கோயில் கூடாது என்று நான் சொல்லவில்லை. கோயிலை விசாரணைக் கூடமாக ஆக்காதே என்கிறேன். கோயிலுக்குப் போகிறோம் என்று மாத்திரையையும் நிறுத்தாதே.

"சாமியாடிக்கும் குரல் கேக்குது, கோடாங்கியும் குறி சொல்றாரு, அவங்களை யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலையே?" என்று உன் அப்பா கேட்டதாக எழுதியிருக்கிறாய். நல்ல கேள்வி. அவருக்கு என் பதிலைப் படித்துக் காட்டு. சாமியாடிக்குச் சாமி வருவதற்கு இடம் உண்டு, நேரம் உண்டு, கொட்டு உண்டு. ஊர் சுற்றி நிற்கிறது, துன்னூறு போட்டதும் சாமி மலையேறிவிடுகிறது. மறுநாள் அவர் வயலுக்குப் போய் நாற்று நடுகிறார். உன் அண்ணனுக்கு வருவது அழைக்காமல் வருகிறது, போகச் சொன்னால் போகவில்லை, சாப்பிடவும் தூங்கவும் விடவில்லை, இரண்டு வருஷமாக அவனை வேலைக்குப் போக விடவில்லை. அவனை அது வருத்துகிறதா, அவன் வாழ்க்கையை முடக்குகிறதா என்று பாருங்கள். சாமியா நோயா என்ற வழக்கு அதற்குப் பிறகு நடக்கட்டும்.

அந்த வழக்கைத் தீர்க்காமலேயே வைத்தியம் பார்க்கவும் முடியும். தன் நோயைத் தானே உணர்வது என்பது ஒற்றைச் சங்கதி அல்ல என்று 1990ல் லண்டன் மருத்துவர் ஆண்டனி டேவிட் பிரித்துக் காட்டினார். தனக்கு ஒரு நோய் இருக்கிறது என்று அறிவது ஒன்று. குரல், சந்தேகம் போன்றவை வழக்கத்துக்கு மாறானவை என்று உணர்வது இன்னொன்று. சிகிச்சைக்கு இசைவது மூன்றாவது. மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் கே.எஸ். ஜேக்கப், சரவணன் முதலானோர் புதிதாக நோய் கண்டவர்களிடம் பேசிப் பார்த்து 2007ல் எழுதியதிலும் இதுதான் தெரிகிறது. ஒரே ஆள் செய்வினை என்றும் நம்புகிறார், நோய் என்றும் சொல்கிறார், மாத்திரையும் வாங்கிக்கொள்கிறார். ஆகவே "எனக்கு மனச்சிதைவு நோய்" என்று உன் அண்ணன் வாயால் சொன்னால்தான் ஆயிற்று என்று பிடிவாதம் பிடிக்காதே. "செய்வினைதான், ஆனா மாத்திரை போட்டா தூக்கம் வருது" என்று சொன்னால் போதும். அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம்.

கேள்வி கேட்கும் விதமும் இருக்கிறது. "உனக்கு மாயக்குரல் கேக்குதா?" என்று கேட்டால் எவன் ஆமாம் என்பான்? மாயம் என்று நீயே தீர்ப்பு எழுதிவிட்டாய். "சுத்தி யாரும் இல்லாதப்ப யாராவது பேசுற மாதிரி கேக்குறது உண்டா? யாரு பேசுறா, தெரிஞ்சவங்களா? என்ன சொல்றாங்க? பயமுறுத்துறாங்களா, நல்லதாப் பேசுறாங்களா?" என்று கேள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மானிடவியலாளர் தான்யா லூர்மனும் சென்னை ஸ்கார்ஃப் அமைப்பின் மருத்துவர் பத்மாவதியும் கூட்டாளிகளும் அமெரிக்காவின் சான் மட்டேயோ, கானாவின் அக்ரா, நம் சென்னை என்று மூன்று ஊரிலும் தலா 20 பேரிடம் இப்படி உட்கார்ந்து கேட்டார்கள். 2015ல் அது அச்சில் வந்தது. சென்னையில் 20 பேரில் 11 பேருக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல். அம்மா, அக்கா, மாமியார் என்று யாராவது வந்து குளி, சாப்பிடு, இந்த வேலையைச் செய் என்று ஏவுகிறார்களாம். திட்டும் குரலும் உண்டு, விளையாட்டாகப் பேசும் குரலும் உண்டு. அமெரிக்காவில் இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் முன்பின் தெரியாத, வன்முறை பேசும் குரல்கள். அவர்கள் தங்கள் நோயின் பெயரைச் சொல்லியே பேசினார்கள். நம்மவர்கள் நோயின் பெயரை அவ்வளவாக எடுக்கவில்லை.

இதில் உனக்கான பாடம் ஒன்று இருக்கிறது. கேட்கத் தெரிந்து கேட்டால் அவர்கள் சொல்கிறார்கள், விவரமாகவே சொல்கிறார்கள். உன் அண்ணன் "அப்பத்தா பேசுது" என்று சொன்னால், "செத்துப்போன அப்பத்தா எப்படிடா பேசும்?" என்று மடக்காதே. மடக்கினால் அந்தக் கதவு அன்றோடு சாத்திக்கொள்ளும். அதற்காக, "ஆமாம், எனக்கும் கேக்குது" என்று பொய்யும் சொல்லாதே. "எனக்கு அது கேக்கல. உனக்குக் கேக்குதுன்னு நீ சொல்றத நம்புறேன். அது பேசுறப்ப உனக்கு எப்படி இருக்கு?" என்று கேள். வாதாடி ஜெயிப்பதில் நீ கெட்டிக்காரி, பள்ளிக்கூடத்தில் கோப்பையே வாங்கியிருக்கிறாய். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை இந்த ஒரு இடத்தில் மூட்டை கட்டி வை. பொய்யான நம்பிக்கையை வாதத்தால் உடைத்துவிடலாம் என்றால் அது நோயே அல்ல.

"மாத்திரை போட்டேன்னு சொல்லிட்டு ஜன்னல் வழியாத் துப்புறானே, அது பொய் இல்லையா?" என்று கேட்பாய். அது பொய்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பொய்க்கு முன்னால் அவன் ஒரு உண்மை சொல்லியிருப்பான், நீங்கள் காதில் வாங்கியிருக்க மாட்டீர்கள். உன் கடிதத்திலேயே எழுதியிருக்கிறாய், "மாத்திரை மாத்துனதிலிருந்து ஒரு எடத்துல உக்கார மாட்டேங்குறான், கால ஆட்டிக்கிட்டே இருக்கான், நோய் முத்திருச்சோன்னு பயமா இருக்கு" என்று. நீ நோய் முற்றியது என்று நினைப்பது மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம். ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளில் சிலருக்கு உள்ளுக்குள் ஒரு பரபரப்பு வரும். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், கால் தானாக நடக்கச் சொல்லும். வெளியே இருந்து பார்த்தால் நோயின் வேகம் போலவே இருக்கும். வீட்டார் நோய் கூடிவிட்டது என்பார்கள், டாக்டர் மருந்தைக் கூட்டுவார், பரபரப்பு இன்னும் கூடும். இந்தச் சுற்றை உடைக்கக் கூடியவன் நோயாளி ஒருவன்தான், "மனசு இல்ல சார், காலுதான் நிக்க மாட்டேங்குது" என்று அவன் சொன்னால். சொன்னால் டாக்டர் அளவைக் குறைப்பார், மருந்தை மாற்றுவார், வேறு மாத்திரை சேர்ப்பார். அந்தப் பரபரப்பைத் தாங்க முடியாமல்தான் பலர் மாத்திரையைத் துப்புகிறார்கள்.

உடல் விறைப்பு, கை நடுக்கம், தலையணை நனையும் அளவு எச்சில், எடை கூடுவது, பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவது, ஆண்களுக்கு இல்லற உறவில் தளர்ச்சி, இத்தனையும் வரக்கூடியவை. கடைசி இரண்டையும் தங்கை முன்னால், அப்பா முன்னால் யார் சொல்வார்கள்? டாக்டரோடு அவன் தனியாக இருக்கும் நேரம் எவ்வளவு முக்கியம் என்று இப்போது தெரிகிறதா? ஓபிக்குப் போனால் முதல் கேள்வி குரலைப் பற்றி இருக்க வேண்டியதில்லை. "மாத்திரை என்ன தொல்லை குடுக்குது?" என்று தொடங்கினால் பலருக்கு வாய் திறக்கும். தன் கஷ்டத்தை ஒருவர் கேட்கிறார் என்று தெரிந்த பிறகுதான் தன் பயத்தை எடுத்து வைப்பார்கள்.

இப்போது உன் தராசுக்கு வருகிறேன். நீ ஒரு தட்டில் அவன் சொல்லையும் மறு தட்டில் உன் கண்ணையும் வைத்து எது கனம் என்று பார்க்கிறாய். இரண்டும் வேறு வேறு பொருளுக்குச் சாட்சி. குரல், பயம், சந்தேகம், மனச்சோர்வு, சாக வேண்டும் என்ற எண்ணம், மருந்து உடம்புக்குள் செய்யும் வேலை, இவற்றுக்கு அவன்தான் சாட்சி. குளிக்கவில்லை, மூன்று நாளாகத் தூங்கவில்லை, தனக்குத்தானே சிரிக்கிறான், நண்பர்களைப் பார்க்க மறுக்கிறான், இவற்றுக்கு நீ சாட்சி. அவன் தூக்கத்தைப் பற்றிச் சொல்வதில் பிசகு இருக்கலாம். அவன் மனசைப் பற்றி நீ சொல்வதில் அதைவிடப் பெரிய பிசகு இருக்கும். சோர்ந்து படுத்திருப்பவனைச் சோம்பேறி என்று உன் கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய், எண்ணிப் பார்த்தேன்.

நோய் திரும்ப வருவதற்கு முன்னால் ஏதோ மாறுகிறது என்று தெரிந்ததா என்று 1980ல் அமெரிக்காவில் ஹெர்ஸ், மெல்வில் என்ற இருவர் நோயாளிகளையும் வீட்டாரையும் கேட்டார்கள். வீட்டாரில் சுமார் 93% பேர் தெரிந்தது என்றார்கள். உன் கட்சி ஜெயித்தது என்று துள்ளாதே, மீதியையும் கேள். நோயாளிகளிலும் சுமார் 70% பேர் தங்களுக்கே தெரிந்தது என்றார்கள். தூக்கம் குறைவது, பசி போவது, கவனம் சிதறுவது, இனம் தெரியாத பதற்றம் என்று அடையாளமும் சொன்னார்கள். பத்தில் ஏழு பேருக்குத் தன் நோய் வரும் வழி தெரிந்திருக்கிறது. அவர்களை ஒன்றும் தெரியாதவர்கள் என்று ஒதுக்குவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

அதனால், அவன் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார். "போன தடவை முடியாமப் போச்சே, அதுக்கு முந்தின வாரம் உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேள். அவன் சொல்வதை அவன் வார்த்தையிலேயே எழுது. "டிவியில என்னைய சொன்னாங்க", "தலைக்குள்ள இரைச்சல்", "சோறு மண்ணாட்டம் இருந்துச்சு", எதுவானாலும் திருத்தாதே. கீழே நீ கவனித்ததை எழுது. ஒவ்வொருவருக்கும் இந்தப் பட்டியல் வேறு வேறாக இருக்கும். ஒரே ஆளுக்குப் பெரும்பாலும் அதே வரிசையில் திரும்ப வரும். சித்திரைத் திருவிழாவில் அழகரை வரவேற்கும் எதிர்சேவை பார்க்க ராத்திரி முழுக்க விழித்திருந்தான் என்றால் பயப்படாதே, ஊரே விழித்திருக்கிறது. திருவிழா எதுவும் இல்லாமல் மூன்று ராத்திரி தூங்கவில்லை என்றால் அந்த நோட்டைப் பிரி. எந்த அடையாளம் வந்தால் டாக்டரிடம் போக வேண்டும் என்பதையும் அவனே கையெழுத்துப் போட்டு எழுதி வைக்கட்டும். நெருக்கடியில் நீ இழுத்துக்கொண்டு போவதாக அவனுக்குத் தோன்றக் கூடாது. அவன் சொன்னபடி நீ செய்கிறாய் என்று இருக்க வேண்டும்.

இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே முதல் நடப்பில் உள்ளது. தனக்கு எந்த மாதிரி சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கும் உரிமையை அது கொடுக்கிறது. தன் சார்பில் பேச ஒருவரை அவனே நியமிக்கலாம். யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்றும் சொல்கிறது. இந்த வரிக்குப் பின்னால் நம் பக்கத்துத் துயரம் ஒன்று இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. கட்டிப் போடப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் சங்கிலி வேண்டாம் என்று ஒரு நாளாவது சொல்லியிருக்க மாட்டார்களா? மனநோயாளியின் பேச்சுக்கு மதிப்பில்லை என்று முடிவு கட்டிய சமூகத்தில் அந்தச் சொல் எந்தக் காதில் விழுந்திருக்கும்? அவன் சொல்வதைக் கேள் என்று நான் இவ்வளவு தூரம் மல்லுக்கட்டுவது அதனால்தான்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாமல் கேட்டுவிடு. இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய 5% பேர் தற்கொலையால் இறக்கிறார்கள். "செத்துப்போயிரலாம்னு தோணுதா? குரல் அப்படி ஏதாவது செய்யச் சொல்லுதா?" என்று நேரடியாகக் கேள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று உன் அம்மா பயப்படுவாள். அப்படி விதைவதில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவர்கள்தான் அதிகம். ஆமாம் என்று சொன்னால் பதறாதே, திட்டாதே, தனியாக விடாதே. அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போ. ராத்திரி நேரம், என்ன செய்வதென்று தெரியவில்லை என்றால் 14416க்குப் போன் போடு. அரசின் டெலி மானஸ் எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசுவார்கள்.

எங்கே போவது என்றும் கேட்டிருக்கிறாய். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டாக்டர் சி. ராமசுப்பிரமணியன் 1992ல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் மதுரையில்தான் இருக்கிறது. சிகிச்சையோடு மறுவாழ்வையும் பார்க்கிறார்கள். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984ல் தொடங்கிய ஸ்கார்ஃப் உண்டு. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் அவர். ஆனால் எங்கே போனாலும் ஊர் ஊராக மாற்றிக்கொண்டே போகாதே. புதுப் புது டாக்டரிடம் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்றால் அவன் சலித்துப்போவான். அவன் மனசு விட்டுப் பேச ஒரே ஒரு டாக்டர் அமைந்தாலும் அவரை விடாதே.

நோயோடு வாழ்பவர்களே எழுதியதையும் கிடைத்தால் படி. புனேயைச் சேர்ந்த ரேஷ்மா வள்ளியப்பன் தன் மனச்சிதைவைப் பற்றித் தானே புத்தகம் எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் சட்டப் பேராசிரியராக இருக்கும் எலின் சாக்ஸ் 2007ல் தன் கதையை எழுதினார். உன் அண்ணனும் அப்படி எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. உள்ளே இருப்பதைச் சொல்ல அவர்களால் முடியும் என்று நீ நம்ப வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. இனி அவன் உன்னிடம் ஏதாவது மனசு திறந்து சொன்னால், அதை அத்தைக்கும் சித்திக்கும் போனில் பரப்பாதே. முன்னால் சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அவன் நோயைப் பற்றிய விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை அவனுக்குக் கொடுத்திருக்கிறது. அது மருத்துவமனைக்காக எழுதியது, வீட்டுக்கும் பொருந்தட்டும். அவன் உனக்குச் சொன்னது டாக்டருக்குப் போகலாம், அதுவும் அவனிடம் சொல்லிவிட்டு. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் யாரையும் கேட்காமல் உதவிக்குக் கூப்பிடு. இந்தக் கட்டுப்பாடு எனக்கும் சேர்த்துத்தான். அடுத்த கடிதத்தில் உன் படிப்பைப் பற்றி எழுது, அப்பாவின் முழங்கால் வலியைப் பற்றி எழுது. அண்ணன் என்ன சொன்னான் என்பதை, மாமாவுக்குச் சொல்லலாமா என்று அவனிடம் கேட்டு, அவன் சரி என்றால் மட்டும் எழுது.

அன்புடன்,
உன் மாமா